92% நலம் காட்டும் பழைய எஸ்எஸ்டியை எந்த வேலைக்கு நம்பலாம்?

2016இல் வாங்கிய சாம்சங் 850 இவோ 250 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்று உங்களிடம் இருக்கிறது; மடிக்கணினியை மாற்றிவிட்டதால் அது இப்போது சும்மா கிடக்கிறது. டிரைவ்களின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் அதன் நலத்தை 92% என்று காட்டுகிறது. நண்பர் ஒருவரோ எஸ்எஸ்டி ஐந்து வருடத்துக்கு மேல் தாங்காது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார். குடும்பப் படங்களை எல்லாம் அதில் நகலெடுத்துப் பீரோவில் பத்திரமாக வைத்துவிடலாமா, அல்லது அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டிவிடலாமா, 92% என்பது இன்னும் எத்தனை ஆண்டைக் குறிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஆண்டுக் கணக்கில் அமைந்திருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது இந்த டிரைவை எந்த வேலைக்கு நம்பலாம் என்பதைத்தான். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கிடைக்கும் நல்ல பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பதினான்கு ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பத்திரம் என்று நினைக்கும் பீரோதான் இந்த டிரைவுக்குப் பொருந்தாத இடம், இரண்டாம்பட்சமாகக் குறிப்பிட்ட அப்பாவின் டெஸ்க்டாப்தான் அதற்கு ஏற்ற இடம்.

எஸ்எஸ்டி தேய்கிறது என்று சொல்கிறோம். ஆனால் அதற்குள் சுழலும் தட்டும் இல்லை, உரசும் முனையும் இல்லை. தேய்வது ஒரு மின்காப்புப் படலம். 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லிலும் எலெக்ட்ரான்களை அடைத்துவைக்க ஓர் இடமும், அவை வெளியேறாமல் தடுக்கச் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமும் இருக்கின்றன. எழுதும்போது ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து அந்தப் படலத்தின் ஊடாகவே எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளுகிறார்கள். அழிக்கும்போது அதே வழியாக வெளியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படலத்தில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, நாளடைவில் அது கசியத் தொடங்குகிறது. ஆகவே தேய்மானம் என்பது எழுதி அழிப்பதன் விளைவு. படிப்பதால் ஏற்படும் பாதிப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைத்த பழைய வகை எழுதி அழிக்கும் சுற்றுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தாங்கும். இரண்டு பிட் வைத்தால் நான்கு மின்னழுத்த நிலைகளையும், மூன்று வைத்தால் எட்டையும், நான்கு வைத்தால் பதினாறையும் பிரித்தறிய வேண்டும் என்பதால் தாங்கும் சுற்றுகள் சில ஆயிரம், பிறகு ஆயிரம் முதல் மூவாயிரம், பிறகு ஆயிரத்தை ஒட்டி என்று இறங்கிக்கொண்டே வருகின்றன. உங்களுடையது மூன்று பிட் வகை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலேட்டில் ஒவ்வொரு வரியாக எழுதலாம், ஆனால் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, அழிப்பதென்றால் முழுச் சிலேட்டையும்தான் துடைக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷின் விதி அதுதான். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பேஜில். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பேஜ்களைக் கொண்ட பிளாக்கில். ஆகவே நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது டிரைவின் கன்ட்ரோலர் (உள்ளே எல்லா வேலையையும் நடத்தும் சில்லு) பழைய இடத்தைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்கிறது. செல்லாத பேஜ்கள் சேர்ந்த பிறகு, அந்தப் பிளாக்கில் எஞ்சியிருக்கும் செல்லுபடியானவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மொத்தத்தையும் துடைக்கிறது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுவதைப் போல, எந்தப் பிளாக்கும் மற்றவற்றைவிட அதிகம் தேயாதபடி எழுதும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதே கன்ட்ரோலர்தான். இந்த இடமாற்றங்களால், நீங்கள் எழுதச் சொன்ன அளவைவிட உள்ளே எழுதப்படும் அளவு பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

நீங்கள் கொடுத்த எண்களைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், மொத்தம் எழுதப்பட்டதைச் சொல்லும் 241ஆம் வரிசை 46,875,000,000 என்று காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த டிரைவில் அது 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கை. பெருக்கினால் 24 டெராபைட் வருகிறது. அதாவது 250 ஜிபி டிரைவை 96 முறை முழுதாக நிரப்பிய அளவு. ஆனால் சராசரி அழிப்புச் சுற்றைச் சொல்லும் 177ஆம் வரிசையின் மூல மதிப்பு 160. 96 முறை எழுதியதற்கு உள்ளே 160 முறை தேய்ந்திருக்கிறது என்றால், நான் மேலே சொன்ன கூடுதல் 1.67 மடங்கு, வீட்டு உபயோகத்தில் இது சாதாரணம். 160 சுற்றுக்கு நலம் 8 புள்ளி குறைந்திருப்பதிலிருந்து, அந்த மென்பொருள் காட்டும் 100% என்பது ஏறத்தாழ 2,000 சுற்றுக்குச் சமம் என்று தெரிகிறது. இதே டிரைவுக்கு நிறுவனம் கொடுத்த உத்தரவாதம் ஐந்தாண்டு அல்லது 75 டெராபைட் எழுதும் வரை, இதில் எது முந்தியதோ அது. 75இல் 24 என்பது 32%. ஆக, ஒரே டிரைவை ஓர் அளவுகோல் 8% தேய்ந்ததாகவும் இன்னொன்று 32% தீர்ந்ததாகவும் சொல்கிறது, இரண்டுமே பொய்யில்லை. ஒன்று செல்களின் தேய்மானம், மற்றொன்று நிறுவனம் தன் பொறுப்புக்கு வைத்துக்கொண்ட எல்லை. கடுமையான அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும், ஒன்பது ஆண்டுகளில் நீங்கள் எழுதியது நாளுக்குச் சுமார் 7.3 ஜிபி, மீதமுள்ள 51 டெராபைட்டை அதே வேகத்தில் செலவழிக்க இன்னும் 19 ஆண்டுகள் ஆகும். தேய்மானத்தை மட்டும் வைத்துப் பேசினால், உங்கள் நண்பர் சொன்னது தவறு என்று தயங்காமல் சொல்லலாம்.

உத்தரவாத எல்லையைத் தாண்டினாலும் டிரைவ் உடனே சாவதில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. தி டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு டிரைவ்களில் இடைவிடாமல் எழுதி, அவை சாகும்வரை காத்திருந்தது. 240 முதல் 256 ஜிபி வரையுள்ள அந்த ஆறுமே 700 டெராபைட்டைத் தொட்டன. மூன்று பிட் வகையான சாம்சங் 840 சுமார் 900 டெராபைட் வரை போனது. கடைசியாக நின்ற சாம்சங் 840 புரோ 2,400 டெராபைட்டைக் கடந்தது. இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, சோதிக்கப்பட்டவை ஆறே ஆறு டிரைவ்கள், எல்லாம் புத்தம் புதியவை. பதினெட்டு மாதத்தில் முடிந்த சோதனை ஒன்பதாண்டு முதுமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டாவது, தேய்ந்துபோனால் எழுத மறுத்துவிட்டுப் படிக்க மட்டும் அனுமதிக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தச் சோதனையில் இன்டெல் 335 அப்படித்தான் எழுதுவதை நிறுத்தியது. ஆனால் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் டிரைவே காணாமல் போய்விட்டது.

இனி, 92% என்ற எண் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். அந்த எண் ஃபிளாஷ் செல்களைப் பற்றியது மட்டுமே. கன்ட்ரோலர் சில்லு, அதில் ஓடும் உள்நிரலான ஃபர்ம்வேர், மின்சுற்றுப் பலகை, சாலிடர் இணைப்புகள், திடீர் மின்வெட்டின்போது பாதியில் நின்றுபோகும், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி அட்டவணை ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வராது. எங்கள் ஆய்வகம் ஒன்றில் மலிவான டிரைவ்கள் போட்ட நாற்பது கணினிகள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை ஒரு மாணவி வந்து, தன் கணினி கிளம்பவில்லை என்றார். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸின் திரையில் டிரைவ் தெரிந்தது. ஆனால் அதன் பெயர் ஒட்டியிருந்த லேபிளில் உள்ள பெயராக இல்லை, கொள்ளளவும் சில மெகாபைட்டுகள்தான் காட்டியது. கன்ட்ரோலர் தன் அட்டவணையைப் படிக்க முடியாமல் அவசர நிலைக்குப் போய்விட்டதன் அடையாளம் அது. முந்தைய வாரம் நான் எடுத்துவைத்த பட்டியலில் அந்த டிரைவின் நலம் 97%. மாணவியின் இறுதியாண்டுச் செயல்திட்டம் அதற்குள்தான் இருந்தது, நகலும் இல்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் பெரும்பாலும் டக் டக்கென்று சத்தம் எழுப்பி முன்கூட்டியே சொல்லும். எஸ்எஸ்டிக்கு அந்த வழக்கம் இல்லை. அது நேற்று வரை நன்றாக இருந்து இன்று இல்லாமல் போகும். தரவை மீட்பதும் கடினம், ஏனென்றால் செல்களில் இருப்பது கன்ட்ரோலருக்கு மட்டுமே புரியும் விதத்தில் கலைத்தும், பல டிரைவ்களில் குறியாக்கம் செய்தும் வைக்கப்பட்டிருக்கிறது.

ஃபர்ம்வேர் பிழைகளுக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பே இல்லை என்பதைக் காட்ட இரண்டு நிகழ்ச்சிகள் போதும். குரூசியல் எம்4 டிரைவ்கள் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கு ஒருமுறை கணினியை நிலைகுலையச் செய்தன. 2012 ஜனவரியில் புதிய ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தார்கள். 2019இல் எச்பிஇ (ஹ்யூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம் தன் சர்வர் டிரைவ்களில் சில 32,768 மணி நேரத்தை எட்டியதும் தரவோடு சேர்ந்து செத்துவிடும் என்று அறிவித்தது. 32,768 என்பது 2இன் 15ஆவது அடுக்கு. மணியை எண்ணும் இடத்தில் நேர்ந்த ஒரு நிரல் பிழை. அந்த டிரைவ்களை ஒரே நாளில் இயக்கத் தொடங்கியவர்களுக்கு எல்லாம் ஒரே நாளில் போகும் என்பதுதான் அதில் இருந்த கொடுமை. உங்களுடையது 19,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த மாடலில் அப்படி ஒரு கண்ணி இல்லை. இருந்தாலும் கிடைக்கும் கடைசி ஃபர்ம்வேரைப் போட்டுக்கொள்வது நல்லது. வயதைப் பற்றிக் களத்திலிருந்து வந்த நல்ல ஆய்வு, டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர் கூகுள் பொறியாளர்களுடன் சேர்ந்து 2016இல் வெளியிட்டது. ஆறு ஆண்டு காலம் தரவு மையங்களில் ஓடிய டிரைவ்களைப் பார்த்து, எவ்வளவு எழுதப்பட்டது என்பதைத் தனியே கழித்துவிட்டாலும் வயது கூடக் கூடப் பிழைகள் கூடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியை மாற்ற வேண்டிய தேவை குறைவு, ஆனால் திருத்த முடியாத படிப்புப் பிழைகள் அதிகம் என்பது அவர்களின் இன்னொரு முடிவு. அது தரவு மையத்துக்கான ஆய்வு. வீட்டு டிரைவுக்கு எண்களை அப்படியே பொருத்தக் கூடாது, போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவில் உங்கள் நண்பரின் உள்ளுணர்வில் ஓரளவு உண்மை இருக்கிறது. அவர் சொன்ன காரணமும் ஐந்து என்ற எண்ணும்தான் தவறு.

இப்போது பீரோ. செல்லில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் இல்லாதபோதும் மெல்லக் கசிகின்றன. சில்லுத் துறையின் பொது அமைப்பான ஜெடெக்கின் தரநிலைப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஒன்று தன் எழுதும் எல்லையை முழுதும் தீர்த்த பிறகும், 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் மூன்று மாதம் போதும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி கூடினால் காலம் ஏறத்தாழப் பாதியாகும். இந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டு, எஸ்எஸ்டியை ஒரு வாரம் அணைத்து வைத்தால் எல்லாம் போய்விடும் என்று 2015இல் சில செய்தித் தளங்கள் கிளப்பிவிட்டன. அது முழுக்கத் தேய்ந்த டிரைவுக்கான கணக்கு என்பதை அவை கவனிக்கவில்லை. உங்கள் டிரைவ் 160 சுற்று மட்டுமே கண்டது, ஆகவே அதன் படலம் இன்னும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஓராண்டைவிட நிச்சயம் நீண்ட காலம் தாங்கும் என்பது என் கணிப்பு. ஆனால் எத்தனை ஆண்டு என்று எந்தத் தரநிலையும் வாக்குக் கொடுக்கவில்லை, சித்திரை வைகாசியில் நம் ஊர் பீரோவுக்குள் 30 டிகிரி என்பதும் கனவுதான். கசிவு கற்பனையல்ல என்பதை 2014இல் சாம்சங் 840 இவோ காட்டியது. பல வாரங்களுக்கு முன் எழுதிய கோப்புகளைப் படிக்கும்போது மட்டும் அதன் வேகம் படுத்துவிட்டது. முதலில் கொடுத்த திருத்தம் நிலைக்காமல், 2015இல் பழைய தரவை அவ்வப்போது மறுபடி எழுதிப் புதுப்பிக்கும் ஃபர்ம்வேரைக் கொடுத்தார்கள். உங்கள் 850 இவோ அதற்கு அடுத்த தலைமுறை, செல்களை அடுக்கடுக்காக அமைத்த வி-நேண்ட். அந்தத் தொல்லை அதில் இல்லை. ஆனால் புதுப்பிக்கும் வேலையை எந்த டிரைவும் மின்சாரம் இருந்தால்தான் செய்ய முடியும்.

ஆகவே படங்களுக்கு இதை ஒரே நகலாக வைக்காதீர்கள். இரண்டு நகல் வேறிடங்களில் இருக்கட்டும். பீரோவுக்கு ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க், மற்றொன்று கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ. அதன்பின் இந்த எஸ்எஸ்டியில் மூன்றாவது நகல் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அப்படி வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படிக்க வையுங்கள். சும்மா ஐந்து நிமிடம் மின்சாரம் கொடுத்தாலே செல்கள் புத்துயிர் பெறும் என்பது பலர் சொல்வது. அதை நம்பி இருக்க முடியாது. படிக்க வைத்தால்தான் பலவீனமான இடம் கன்ட்ரோலரின் கண்ணில் படும். வருடத்துக்கு ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி நகலெடுப்பது அதைவிட உறுதியானது. ஒரு முழு நகலுக்கு ஆகும் செலவு 2,000 சுற்றில் ஒன்றோ இரண்டோதான்.

அப்பாவின் டெஸ்க்டாப்பில் மாட்டும் முன் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதலில், டிரைவை முழுதாக ஒருமுறை படித்துப் பாருங்கள். மதர்போர்டின் நேரடி சாட்டா இணைப்பில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யுஎஸ்பி 2 வழியாக இரண்டு மணி நேரம் ஆகும். எங்காவது திணறி நின்றாலோ, படித்த பிறகு ஸ்மார்ட் பட்டியலில் திருத்த முடியாத பிழைகளை எண்ணும் 187ஆம் வரிசை சுழியத்திலிருந்து நகர்ந்தாலோ அந்த டிரைவை விட்டுவிடுங்கள். 199ஆம் வரிசை மட்டும் ஏறினால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. அடுத்து, தேவையானவற்றை எடுத்துக்கொண்டு டிரைவின் சொந்த அழிப்புக் கட்டளையான செக்யூர் இரேஸைக் கொடுங்கள். நிறுவனத்தின் மென்பொருளிலோ லினக்ஸின் எச்டிபார்ம் கருவியிலோ அது கிடைக்கும். ஃபார்மட் செய்வதும், மேலே சுழியங்களை எழுதி நிரப்புவதும் இதற்கு ஈடாகாது; டிரைவ் உபரியாக ஒதுக்கிவைத்த பிளாக்குகளை அவை தொடாது, வீண் தேய்மானமும் உண்டாக்கும். செக்யூர் இரேஸ் முடிந்ததும் எல்லாப் பிளாக்குகளும் வெறுமையாவதால், பழைய டிரைவின் எழுதும் வேகமும் திரும்பிவிடும். யுஎஸ்பி அடாப்டர்கள் பல இந்தக் கட்டளையைக் கடத்துவதில்லை. நேரடியாக மாட்டிச் செய்யுங்கள். மூன்றாவது, டெஸ்க்டாப்பின் பயாஸில் சாட்டா நிலை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால், விண்டோஸ் நிறுவும் முன்பே அதை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய மதர்போர்டில் சாட்டா 2 மட்டுமே இருந்தால் வேகம் நொடிக்கு 270 எம்பியை ஒட்டி நின்றுவிடும். அதனால் ஒன்றும் குறையில்லை, ஹார்ட் டிஸ்க்கில் கிளம்பிக்கொண்டிருந்த கணினிக்கு அதுவே மறுபிறவி. எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருள்களும் மட்டும் இருக்கட்டும். அப்பாவின் ஆவணங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே தொடரட்டும். ஏதாவது ஒருநாள் எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போனாலும், ஒரு மாலைப் பொழுதில் விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம். பத்து முதல் பதினைந்து சதவீத இடத்தைக் காலியாக விடுங்கள். கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் (டிஃபிராக்) பழைய மென்பொருள் இருந்தால் நீக்குங்கள். அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் வேலையை விண்டோஸ் தானாகவே செய்துகொள்ளும். விண்டோஸ் நினைவகத்துக்குத் துணையாக வைக்கும் பேஜ் கோப்பை நிறுத்துவது, பிரவுசர் தற்காலிகக் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றுவது போன்ற பழைய அறிவுரைகள் சின்ன டிரைவ்களின் காலத்தவை. 92% நலம் உள்ள டிரைவுக்கு அவை வீண் சிரமம். மின்வெட்டு அடிக்கடி வரும் வீடு என்றால் ஒரு யுபிஎஸ் அவசியம், ஏனெனில் வீட்டு வகை டிரைவ்களில் மின்சாரம் போனபின் எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் கிடையாது. மாட்டிய முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை 5 (பழுதாகி மாற்றப்பட்ட பிளாக்குகள்), 187 ஆகிய இரண்டு வரிசைகளையும் பார்த்துக் குறித்துவையுங்கள். 5ஆம் வரிசையில் ஒன்றிரண்டு ஏறி அங்கேயே நின்றால் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் அதே வாரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத் திரும்பிவிடுங்கள்.